அழிக்காத முதல் பதிவு

செங்கல்பட்டு,
ஜனவரி 22, வியாழன்.

அன்பு மகள் எழிலுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் இந்த வீட்டில் இருவரும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிர் நாட்டில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் உன் அம்மா காலையிலும் இரவிலும் செய்யும் ஜெபம், நான் ஜெபம் செய்கிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும், அவள் செய்யும்போது டிவி சத்தத்தைக் குறைக்கிறேன், அது என் பங்கு. வீடியோவில் எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேன்ப்பா என்கிறாய், உன் பின்னால் ஜன்னலில் நாலரை மணிக்கே இருட்டிக் கிடக்கிறது, மூக்கு சிவந்திருக்கிறது, கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே. அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கொளவாய் ஏரி இந்த வருஷம் நிரம்பித் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அலையடிக்கிறது, ரயிலில் போகிறவர்கள் எல்லாம் படம் எடுக்கிறார்கள், அதில் வந்து கலக்கிற சாக்கடையை எவனும் எடுப்பதில்லை. ஆபீசில் எனக்கு ஆறு வருஷம் பின்னால் சேர்ந்த வாசுதேவனுக்குக் கண்காணிப்பாளர் பதவி கொடுத்துவிட்டார்கள், எனக்கு அதே ரெக்கார்டு ரூம், அதே கரையான் மருந்து. அவன் லட்டு கொண்டுவந்து நீட்டினான், சர்க்கரை இருக்கிறது என்று சொல்லி வாங்கவில்லை. எனக்குச் சர்க்கரை இல்லை.

போனில் சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் பேனாவை எடுத்தேன். கிறிஸ்துமசுக்கு வந்த உன் தோழி சுவேதாவிடம் நீ கொடுத்தனுப்பிய ரெக்கார்டரை வைத்து உன் பெரியப்பா துரையின் பேட்டியை எடுத்துவிட்டேன். சுவேதா திங்கட்கிழமை திரும்புகிறாள், அவள் கையில் இந்தக் கடிதமும் மெமரி கார்டும் வரும். அதில் இரண்டு பதிவுகள் இருக்கின்றன. உன் ஆய்வுக்கு வேண்டியது இரண்டாவதில் இருக்கிறது, அது நல்ல பதிவு, நீ மெச்சிக்கொள்வாய். முதலாவதை அழித்துவிடலாமா என்று இரண்டு வாரமாக அந்தக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்தப் பொத்தானை அழுத்தினால் அழியும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதைக் கேட்டபிறகு உன் அப்பாவைப் பற்றி நீ இத்தனை வருஷம் நினைத்திருந்தது அப்படியே நிற்குமா என்று சந்தேகம். ஆகவே நீ காதில் மாட்டிக் கேட்பதற்கு முன்னால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன், மற்றவன் சொல்லிக் கேட்பதைவிட அது மேல்.

முதலில் ஒன்று. போரை ஜனங்கள் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள், அவர்கள் வாயால் சொல்வதை எப்படிப் பதிவு செய்து காப்பது என்பதற்கு ஒரு பல்கலைக்கழகம் உனக்கு உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைக்கிறது என்று தெரிந்த நாளில் நான் அதிகம் பேசவில்லை, உனக்கு அது வருத்தம் என்று அம்மா சொன்னாள். காரணம் இதுதான். எம்.ஏ. வரலாறு முடித்த கையோடு நானும் இதே யோசனையோடு ஒரு பேராசிரியர் முன்னால் போய் நின்றேன். அந்தக் காலத்தில் படாளம், அச்சரப்பாக்கம் பக்கத்தில் இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பிய கிழவர்கள் பதினோரு பேர் உயிரோடு இருந்தார்கள், எல்லாம் நம் ஜனங்கள், நிலமில்லாமல் கூலி வேலை செய்துகொண்டிருந்து பர்மாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போனவர்கள். அவர்கள் வாயால் சொல்வதைக் கேட்டு எழுதுகிறேன் என்றேன். அவர் என் காகிதத்தை இரண்டாம் பக்கம் புரட்டாமலே மூடிவிட்டு, கிழவன் சொல்றதெல்லாம் ஹிஸ்டரி ஆயிடுமா, ஆதாரம் எங்கே, தேதி எங்கே, டாக்குமெண்ட் எங்கே என்றார். பிறகு குரலை இறக்கி, உங்க ஆளுங்களுக்கு கவர்மெண்ட் வேலை சுலபமா கிடைக்குமே, அதைப் பாருங்க என்று அன்போடு சொல்லி அனுப்பினார். அந்தப் பதினோரு பேரும் ஒவ்வொருவராகச் செத்துப் போனார்கள். பேராசிரியர் செத்தபோது மூன்று பத்திரிகையில் அஞ்சலி வந்தது, மூன்றையும் படித்தேன், மூன்றிலும் பிழை இருந்தது. டாக்குமெண்ட் எங்கே என்று கேட்டவனை விதி டாக்குமெண்ட் அறையிலேயே கொண்டுபோய்ப் பூட்டவில்லை, என்னைத்தான் பூட்டியது. ஆகவே உன் படிப்பில் எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை, அதைச் சொல்லப் போனால் இதெல்லாம் சேர்ந்து வந்துவிடும் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன்.

இனி பெரியப்பா. எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லை என்பது உனக்குத் தெரியும், ஏன் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் கரும்பு வெட்டப் போகாமல் பட்டாளத்துக்குப் போன முதல் ஆள் அவர். எண்பத்தேழில் இலங்கைக்கு அமைதிப்படை போனபோது அவருடைய பிரிவையும் அனுப்பினார்கள், தொண்ணூறில் கப்பலில் திரும்பினார்கள். அப்போது எனக்கு இருபது வயது, கல்லூரியில் இரண்டாம் வருஷம், அங்கே நம் ராணுவம் தமிழர்களைக் கொல்கிறது என்று உண்ணாவிரதம், ஊர்வலம், சுவரெழுத்து என்று அலைந்த காலம். ஊரில் ஒருவர்கூட அவருக்கு மாலை போட வரவில்லை. அவர் வீட்டுக்கு வந்த மறுநாள் என் கல்லூரி நண்பர்கள் இரண்டு பேரைச் சாப்பிட அழைத்துப் போயிருந்தேன். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அப்போது என் நண்பர்கள் முன்னால், எச்சில் கையோடு, இடது கன்னத்தில் என்னை அறைந்தார். நான் எழுந்து போய்விட்டேன். முப்பத்தைந்து வருஷம். அதற்குப் பிறகு ஒரே பந்தியில் உட்கார்ந்தாலும் அவருக்கு ரசம் வேணுமா கேளுங்க என்று மூன்றாவது ஆளிடம்தான் சொல்வேன், அவரும் அப்படியே. உன் பாட்டியை அடக்கம் செய்யப் போனபோது பெட்டியின் முன்பக்கத்தை அவரும் பின்பக்கத்தை நானும் தூக்கினோம், மெதுவா, மெதுவா என்று இருவரும் சொன்னோம், ஒருவருக்கொருவர் சொல்லவில்லை, பெட்டியிடம் சொன்னோம். இதெல்லாம் தெரிந்துதான், நீ ஜூன் மாதம் வரும்வரை காத்திருக்க முடியாது, அப்பாதான் நேரில் உட்கார்ந்து எடுக்க வேண்டும் என்று எழுதினாய். உன் தந்திரம் எனக்குப் புரியாமல் இல்லை.

ஜனவரி நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு டூட்டி இல்லாத நாள் என்று அம்மா விசாரித்து வைத்திருந்தாள். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் ஏறிப் பூஞ்சேரியில் இறங்கினேன். இரண்டு அறை வீடு, முன்னால் தகரப் பந்தல், எதிரே சிலை வேலை செய்கிற பட்டறை, ஞாயிற்றுக்கிழமையும் கல் அறுக்கிற மிஷின் ஓடுகிறது, அந்தச் சத்தம் இரண்டு பதிவிலும் இருக்கும், பொறுத்துக்கொள். உன் பெரியம்மா செங்கம்மாள்தான் முதலில் என்னைப் பார்த்தார்கள், உள்ளே திரும்பி, கலெக்டரு வந்துகீறாரு, சட்டைய மாட்டினு வா என்று குரல் கொடுத்தார்கள். அவர் சட்டை மாட்டாமல்தான் வந்தார். நாவலூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலை, பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார், கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. நாட்டுக்காகத் துப்பாக்கி பிடித்த ஆள் இப்போது கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்களின் காருக்கு சல்யூட் வைக்கிறார், அவர்கள் அவருக்குப் பெயர் இருக்கிறது என்றே நினைப்பதில்லை. வழி தெரிஞ்சிதா என்று கேட்டார். எழில்தான் அனுப்பினாள் என்றேன். அப்போ அவ வூட்டுக்குத்தான் வந்துகீற, என் வூட்டுக்கு இல்ல, உக்காரு என்றார். நீ அனுப்பிய ஒப்புதல் படிவத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி விடாமல் படித்தார், இதுல கையெழுத்து போட்டா மறுபடி பட்டாளத்துக்கு இஸ்துகினு பூடுவானா என்று கேட்டுவிட்டுப் போட்டார்.

குறுக்கே பேசாதீர்கள், தேதி கேட்டு நெருக்காதீர்கள், அவர் பேச்சை நிறுத்தினால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள், வாதம் செய்யாதீர்கள் என்று நீ ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாய். பஸ்ஸில் இரண்டு தரம் படித்தேன், இதெல்லாம் எனக்கு எதற்கு, நான் இதை நீ பிறப்பதற்கு முன்பே யோசித்தவன் என்று மடித்துப் பையில் வைத்துவிட்டேன். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. தமிழ் தெரிந்த சிப்பாய் என்பதால் அவரை செக்போஸ்டில் அதிகாரிக்கும் அந்த ஊர் ஜனங்களுக்கும் நடுவில் மொழிபெயர்க்க நிறுத்திவிட்டார்களாம், அங்க எனக்கு துப்பாக்கி வேலைய வுட வாய் வேலதான்டா ஜாஸ்தி என்றார். பிறகு, அங்க ஒரு அம்மா தெனமும் வரும், கையில சோத்து பொட்டலத்தோட, என்று தொடங்கினார். நான் அது எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னார். எந்த வருஷம், எந்த மாதம் என்றேன். மழை பேஞ்சினு இருந்திச்சி என்றார். அதிகாரியின் பெயர் கேட்டேன், படைப்பிரிவின் எண் கேட்டேன், நீங்கள் சொல்கிற ஊரில் அந்த வருஷம் செக்போஸ்ட் இருந்ததாக நான் படித்த புத்தகத்தில் இல்லையே என்றேன். அவர் பேச்சை நிறுத்தினார். பத்து எண்ண வேண்டிய இடத்தில் நான் பேச ஆரம்பித்தேன், ராணுவம் அங்கே செய்ததெல்லாம் எனக்குத் தெரியும் என்று தொடங்கி, ஒப்பந்தம், அரசியல் எல்லாவற்றையும் சுற்றி, கடைசியில் என் கன்னத்தில் விழுந்த அறையில் வந்து நின்றேன். இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை கேட்டீங்களா என்று கத்துகிறேன், அதுவும் பதிவாகியிருக்கிறது. அவர் எழுந்து, டூட்டிக்கு நேரமாச்சி என்றார். அன்றைக்கு அவருக்கு லீவு.

வீட்டுக்கு வந்து அதைப் போட்டுக் கேட்டேன். உன் அம்மா பக்கத்தில் கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேட்டாள். அரை மணி நேரம் ஆனதும், ஏங்க, இது அவரு பேட்டியா, ஒங்க பேட்டியா என்றாள். எனக்குக் கோபம் வந்தது, கடிகாரத்தை வைத்து முதலிலிருந்து கணக்குப் பார்த்தேன், ஒரு மணி பதினெட்டு நிமிஷத்தில் அவர் பேசியது பத்தொன்பது நிமிஷம். மீதியெல்லாம் நான். அதிலும் ஆதாரம் எங்கே, தேதி எங்கே என்று நான் கேட்கிற இடத்தில் குரலை இறக்கி மரியாதையாகக் கேட்கிறேன் பார், அந்தக் குரலை நான் வேறொரு அறையில் நின்று கேட்டிருக்கிறேன். முப்பது வருஷமாக நான் திட்டிக்கொண்டிருக்கிற மனிதர் என் தொண்டையில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். கருவியை அணைத்துவிட்டேன். உன் அம்மா கறிவேப்பிலைக் காம்புகளை வாரிக்கொண்டே இன்னொன்று கேட்டாள்: "அந்தச் சோத்து பொட்டலத்து அம்மா கடைசில இன்னா ஆனாங்க? அத கேட்டீங்களா?" கேட்கவில்லை. அவர் நாலு தரம் அந்த அம்மாவிடம் திரும்பிப் போகப் பார்த்திருக்கிறார், நாலு தரமும் நான் வழி மறித்திருக்கிறேன். எம்.ஏ. படித்த நான் கவனிக்கவில்லை, பத்தாவது படித்த அவள் கவனித்தாள்.

எனக்கு மறுபடி போக மனமில்லை, போனில் கூப்பிடவும் வாய் வரவில்லை. அம்மாதான் பெரியம்மாவிடம் பேசி, பொங்கல் கழிந்த ஞாயிறு, பதினெட்டாம் தேதி, என்று முடிவு செய்தாள். இந்த முறை நான் உட்கார்ந்ததும் பெரியம்மா ஒரு முறம் நிறைய மொச்சைக்காயைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். "கை சும்மா கீறதாலதான் ஒனக்கு வாய் ஓடுது ஆபிரகாமு. இத உரி. உரிச்சி முடிக்கிற வரைக்கும் வாய தொறக்காத." பெரியப்பா சிரித்தார். நான் உரித்தேன், எழில். இரண்டு மணி நேரம் உரித்தேன், விரலெல்லாம் பச்சையாகி நகத்துக்குள் நார் ஏறியது. உன் பேராசிரியரிடம் சொல், பேட்டி எடுக்கப் போகிறவன் கையில் ஒரு முறம் மொச்சை கொடுத்துவிட வேண்டும் என்று. பதிவில் டப் டப் என்று ஒரு சத்தம் கேட்கும், அதுதான்.

அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன், முழுவதையும் நீ அவர் குரலிலேயே கேள். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும், அவர்களுடைய பதினேழு வயதுப் பையனை நம் ராணுவம் விசாரணைக்கென்று பிடித்துப் போயிருக்கிறது. அந்த அம்மா முதல் நாள் செக்போஸ்டுக்கு வந்து கேட்டபோது, அதிகாரி இந்தியில், அப்படி யாரும் இங்கே இல்லை, எங்கே இருக்கிறான் என்றும் தெரியாது, இனிமேல் வரவேண்டாம் என்று சொல் என்றார். இவர் அந்த அம்மா முகத்தைப் பார்த்தார், அதைச் சொல்ல இவரால் முடியவில்லை. இருக்கான்மா, நல்லா கீறான், விசாரிச்சிட்டு வுட்ருவாங்க என்று சொல்லிவிட்டார். மறுநாள் அவர்கள் வாழையிலையில் பிட்டும் மீன் குழம்பும் கட்டிக்கொண்டு வந்து, பிள்ளைக்கு இதைக் குடுங்கோ தம்பி என்று நீட்டினார்கள். அதற்குப் பிறகு ஊரடங்கு இல்லாத ஒவ்வொரு நாளும். அதிகாரி, இவள் ஏன் தினமும் வருகிறாள் என்று கேட்டால், இவர் அதற்கும் ஒரு பொய். நாலு மாதம். இப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கொட்ட மனசு வரல. நாய்க்கு போடவும் மனசு வரல. சாக்கு மூட்டைக்கு பின்னால குந்திகினு நான்தான் துன்னேன். ருசியா இருந்திச்சிடா. ஒரு நாள் அந்த அம்மா, உப்பு காணுமோ எண்டு பிள்ளையிட்ட கேட்டுச் சொல்லுங்கோன்னாங்க. கொஞ்சம் கம்மியாம்மான்னு சொன்னேன். மறுநாள் சரியா போட்டு எடுத்தாந்தாங்க." அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவர்கள் வேறு முகாம்களுக்குப் போய்த் தேடியிருப்பார்கள், நான்தான் அங்கேயே கட்டிப் போட்டேன் என்கிறார். பிறகு இவருடைய பிரிவை வேறு ஊருக்கு மாற்றினார்கள், விடியற்காலையில் லாரியில் ஏற்றிவிட்டார்கள், அன்றைக்கும் அந்த அம்மா வந்திருப்பார்கள். பையன் என்ன ஆனான் என்று இவருக்குத் தெரியாது. பையனுடைய பெயரை முழுதாகச் சொல்கிறார், அப்பா பெயரோடு, ஊர் பெயரோடு. அதை நான் இந்தத் தாளில் எழுதவில்லை.

அதற்கு அடுத்துத்தான் என் கன்னம் வருகிறது. அவராகவே அங்கே வந்தார், நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் உன் பாட்டி மீன் குழம்பு வைத்திருந்தார்களாம், மூன்று நாளாக எதுவும் இறங்காமல் அன்றைக்குத்தான் ஒரு கவளம் வாயில் வைத்தாராம். எதிரில் நான் என் நண்பர்களோடு. நான் அவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டேனாம். அதை அவர் என் இருபது வயதுக் குரலில், அந்த ஏற்ற இறக்கத்தோடு, திருப்பிச் சொன்னார்: "எத்தன தமிழன கொன்னுட்டு வந்து இங்க சோறு துன்ற?"

அந்த இடத்தில் டப் டப் சத்தம் நின்றுவிடும், நாற்பது விநாடிக்கு மிஷின் சத்தம் மட்டும்தான் இருக்கும். அந்த அறை எனக்கு எப்படி ஞாபகம் இருக்கிறது தெரியுமா, எந்தக் கன்னம், எந்தச் சட்டை, என் நண்பர்களில் எவன் முதலில் தலை குனிந்தான், என் காதில் ஒட்டிய சோற்றுப் பருக்கை வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்தக் கேள்வி ஞாபகம் இல்லை. சத்தியமாக இல்லை. பொய் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன், சொல்லவும் வாயெடுத்தேன், மடியில் இன்னும் பாதி முறம் இருந்தது. அப்புறம் யோசித்தால் அந்த வருஷம் நான் எல்லாரிடமும் அப்படித்தான் பேசினேன், கல்லூரிச் சுவரில் ராணுவத்தைப் பார்த்து அதே கேள்வியை என் கையால் சுண்ணாம்பில் எழுதியிருக்கிறேன், அது ஞாபகம் இருக்கிறது. ஆகவே கேட்டிருப்பேன். கேட்டிருக்கிறேன். அவருக்கு அறைந்தது சரியாக ஞாபகம் இல்லை, கை நீட்னேன்னு நெனைக்கிறேன் என்கிறார். முப்பத்தைந்து வருஷமாக நான் அறையை மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன், அவர் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார். நீ படிக்கிற ஊரில், சண்டைக்காலத்தில் கட்டிய ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற இரண்டு தெருவில் ஒரே ராத்திரியை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்று நீ அங்கிருந்து எழுதியபோது, அது அந்த ஊர்க்காரர்களின் கோளாறு என்று நினைத்தேன்.

மன்னிப்பு என்ற சொல் எனக்கு வரவில்லை, மீதி மொச்சையை உரித்தேன். கருவியை அணைத்தபிறகு ஒன்று சொன்னேன், என்ன கேட்டிருந்தாலும் நாலு பேர் முன்னால் தம்பியை அறைந்தது தப்புதான் என்று. தப்புதான்டா, வேணும்னா இன்னொரு தபா போடறேன், இப்ப யாரும் இல்ல என்றார். பெரியம்மா அந்த மொச்சையைக் கருவாட்டோடு போட்டுக் குழம்பு வைத்தார்கள், ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம், ரசம் வேணுமா என்று நேராகவே கேட்டேன். இதை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நீயும் அம்மாவும் கொண்டாட வேண்டாம். அவர்மேல் எனக்கு இன்னும் மூன்று நாலு விஷயத்தில் கோபம் இருக்கிறது, அவற்றுக்கெல்லாம் ஆதாரமும் இருக்கிறது.

கிளம்பும்போது, இரண்டாவதை மட்டும் அனுப்புகிறேன், முதல் பதிவு உபயோகமில்லாதது, அழித்துவிடப் போகிறேன் என்றேன். அவர் கதவருகில் நின்று சொன்னார்: "அதையும் அனுப்பு. நான் ஏன் இத்தினி வருசம் வாய தொறக்கலன்னு அவளுக்கு வேற எப்பிடி தெரியும்?" பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதுதான் காதில் ஓடியது. உன் பேராசிரியர்கள் எத்தனை புத்தகம் எழுதியிருந்தாலும் சரி, நாவலூர் கேட்டில் நிற்கிற ஒரு செக்யூரிட்டி இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார். பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் பேசுவதில்லை, மறந்துவிட்டார்கள் என்று எழுதுகிறார்கள். அவர்களுக்கு எதிரில் எவன் உட்கார்ந்திருந்தான் என்று யாரும் எழுதுவதில்லை. நான் உட்கார்ந்திருந்தேன். என்னைப் போல ஊருக்கு ஊர் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே முதல் பதிவை அழிக்கவில்லை, ஒரு நொடியும் வெட்டவில்லை, வெட்டத் தெரிந்த பையன் ஒருவன் ஆபீசில் இருந்தும் வெட்டச் சொல்லவில்லை. முதலில் முதலாவதைக் கேள், பாதியில் நிறுத்தாதே, பிறகு இரண்டாவதைக் கேள். கேட்டுவிட்டு உனக்கு என்மேல் வருத்தம் வந்தால் எழுது, சமாதானம் சொல்ல வேண்டாம், உன் அம்மா அதை நிறையச் செய்துவிட்டாள். நீ எழுதப் போகிற புத்தகத்தில் பேசியவர்களின் பெயரை மாற்றிப் போடுவது வழக்கம் என்று படிவத்தில் இருந்தது. அவர் தன் பெயரை மாற்ற வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். என் பெயர் வருகிற இடத்தில் ஓர் உறவினர் என்று போட்டுவிடும்படி உன்னைக் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன், திங்கட்கிழமை அதை எழுதியும் வைத்தேன். நேற்று அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். ஆபிரகாம் என்றே போடு, தம்பி என்றும் போடு, அந்தக் கேள்வியைக் கேட்டவன் அவன்தான் என்றும் போடு. எம்.ஏ. வரலாறு என்று போட வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, அந்த ஊர் ரொட்டியையே தின்றுகொண்டிருக்காதே. சுவேதாவிடம் இட்லிப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் அம்மா கொடுத்திருக்கிறாள், அவளுக்கும் பங்கு கொடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார் என்று எழுதச் சொல்லி அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், எழுதிவிட்டேன், என் ஆசீர்வாதமும் அதோடு இருக்கிறது. நீ எடுத்த வேலை பெரிய வேலை, நீ அதை முடிப்பாய், எனக்குச் சந்தேகமே இல்லை.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. இரண்டாவது பதிவில் ஒரு மணி ஆறாவது நிமிஷத்தில் அந்தப் பையனுடைய பெயர் வருகிறது. காணாமல் போனவர்களின் பட்டியல் வைத்திருப்பவர்களை உனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கிறாய். தேடிப் பார். அவர் உன்னைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார். எது தெரிந்தாலும், நல்லதோ கெட்டதோ, எனக்கு முதலில் சொல்லாதே. அவருக்கு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு லீவு, அடுத்தது பிப்ரவரி முதல் தேதி, மதியத்துக்கு மேல் கூப்பிடு, அவரிடமே சொல். அன்றைக்கு நானும் அங்கேதான் இருப்பேன், பேச மாட்டேன்.

அன்புடன் உன் அப்பா,
ப. ஆபிரகாம்